லௌட்டர்புருன்னன்: அருவி இலவசம், அதற்குப் போகும் சாலை?

2024 மே மாதம் சுவிட்சர்லாந்தின் சின்ன மலை ஊராட்சி ஒன்று உலகச் செய்திகளில் அடிபட்டது. காரில் வந்து, சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களிடம் 5 முதல் 10 ஃபிராங்க் வரை கட்டணம் வாங்கலாமா என்று அங்கே யோசிக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஊரின் பெயர் லௌட்டர்புருன்னன். பெர்ன் மாநிலத்தின் மலைப்பகுதியில், இன்டர்லாகன் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஊராட்சி முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 2,300 பேர் வாழ்கிறார்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் வெனிஸ் நகரம் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியிருந்தது. அதனால் பல செய்திகள் இரண்டு ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதின. எனக்கு அந்த யோசனையில் முக்கியமாகப் பட்டது விலக்குப் பட்டியல். ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள் கட்ட வேண்டாம். ஹோட்டல் அறையோ, மலைப் பயணமோ முன்பதிவு செய்தவர்களும் கட்ட வேண்டாம். இந்த இரண்டில் முதல் விலக்கு பள்ளத்தாக்கின் வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது விலக்கு பிரச்சினையின் பாதியைத் தப்பவிடுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அந்த இடத்தின் அமைப்பையும், அங்கே மனிதர்கள் வந்து சேர்ந்த வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பனியாறு விட்டுப்போன வடிவம்

ஆறு மட்டும் அறுத்த பள்ளத்தாக்கு கீழே போகப்போகக் குறுகும். பனியாறு அடியையும் இரு பக்கங்களையும் சேர்த்துத் தேய்க்கும். கடைசிப் பனியுகம் முடிந்து பனி பின்வாங்கியபோது இங்கே மிஞ்சியது தொட்டி போன்ற ஒரு வடிவம். அடியில் தட்டையான புல்தரை, இருபுறமும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகளில் இருந்த பனி அவ்வளவு கனமில்லாததால் அவை அவ்வளவு ஆழமாக வெட்டப்படவில்லை. அவற்றின் வாய் சுவரின் உச்சியிலேயே தொங்கி நின்றுவிட்டது. அங்கிருந்து வரும் ஓடைகளுக்கு மெதுவாக இறங்கிவரச் சரிவு கிடையாது, விழத்தான் வேண்டும். பள்ளத்தாக்கில் மொத்தம் 72 அருவிகள் என்பது ஊரில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பனி உருகும் மாதங்களில் பாறைச் சுவரில் வெள்ளைக் கோடுகள் நிறையவே தெரியும். கோடை முடியும்போது பல மெலிந்துவிடும்.

ஊராட்சியின் பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். இவ்வளவு இடமா என்று தோன்றலாம். அதில் பெரும்பகுதி பாறை, பனி, உயர்மலை மேய்ச்சல் நிலம். லௌட்டர்புருன்னன் கிராமம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டரில் இருக்கிறது. எல்லைக்குள் வரும் யுங்ஃப்ரௌ சிகரத்தின் உயரம் 4,158 மீட்டர். இடையில் 3,300 மீட்டருக்கும் மேல் செங்குத்து வேறுபாடு. மனிதர் வசிக்கத் தோதான இடம் இரண்டே வகைதான். ஒன்று, வெள்ளை லூட்ஷின ஆறு ஓடும் குறுகிய தரை. இன்னொன்று, பாறைச் சுவர்களுக்கு மேலே இருக்கும் படிமேடைகள். லௌட்டர்புருன்னனும் ஷ்டெக்கல்பெர்க்கும் தரையில். வெங்கன் கிழக்கு மேடையில் 1,274 மீட்டரில். மியூரன் மேற்கு மேடையில் 1,638 மீட்டரில், அதற்குச் சற்றுக் கீழே கிம்மல்வால்ட். ஈசன்ஃப்ளூ தனியாக ஒரு ஓரத்தில், மலைக்குள் சுருண்டு ஏறும் சுரங்கச் சாலையின் முடிவில்.

மேடையில் குடியேறியவர்களுக்கு ஒரு காரணம் வெயில். சுவர்களுக்கு நடுவே கிடக்கும் தரைக்குக் குளிர்காலத்தில் சூரியன் வந்து போவது கொஞ்ச நேரம்தான். மேலே வெளிச்சமும் மேய்ச்சலும் இருந்தன. தெற்கே உள்ள லோட்ஷன் பள்ளத்தாக்கிலிருந்து பனிமலையைக் கடந்து வந்த மக்களும் இடைக்காலத்தில் இந்தப் பக்கம் குடியேறினார்கள். இன்று பார்க்கும்போது அது சாகசம் போலத் தெரிகிறது. அவர்களுக்கு அது புல்லைத் தேடிய பயணம்.

இரண்டு அருவிகள், இரண்டு கணக்குகள்

பள்ளத்தாக்கின் பிரச்சினை முழுவதையும் இரண்டு அருவிகளை அருகருகே வைத்தே காட்டிவிடலாம்.

ஷ்டௌபாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நீர் பாதி வழியிலேயே காற்றில் சிதறிப் புகைமூட்டமாகிவிடும். காற்று திசை மாறினால் அருவியே சாய்ந்து ஆடும். கிராமத்தின் முதன்மைத் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். தேவாலயக் கோபுரமும் மரவீடுகளும் முன்னால், பின்னால் அருவி. நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அந்தப் படம் இதுதான். இதன் புகழ் சமூக ஊடகம் கொடுத்ததல்ல. 1779 அக்டோபரில் ஜெர்மன் கவிஞர் கெதே இங்கே வந்தார், இந்த அருவியின் முன்னால் பிறந்ததாகவே அவருடைய ஒரு புகழ்பெற்ற கவிதை அறியப்படுகிறது. 1816இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்தார், அவரும் எழுதினார். கவிதை வாசித்த ஐரோப்பியர்களுக்கு லௌட்டர்புருன்னன் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தே ஆக வேண்டிய இடம்.

அதே தரையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ட்ரும்மல்பாக். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது, ஏனென்றால் அருவி மலைக்குள் இருக்கிறது. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரௌ ஆகிய மூன்று சிகரங்களின் பனிப்பரப்பிலிருந்து உருகி வரும் நீர் முழுவதும் ஒரே பிளவுக்குள் புகுந்து, பாறையைக் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிறது. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. மலைக்குள் லிஃப்ட், சுரங்கப் பாதை, கைப்பிடி எல்லாம் அமைத்திருக்கிறார்கள். உள்ளே நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, பாறையே அதிரும். டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

ஷ்டௌபாக்குக்கு வாசல் கிடையாது. டிக்கெட் இல்லை, பணிநேரம் இல்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் இல்லை. ட்ரும்மல்பாக்குக்கு இவை அத்தனையும் உண்டு. அங்கே கூட்டம் வந்தால் வரிசை நீளும், வரிசை நீண்டால் வருமானமும் வரும், அந்த வருமானத்தில் பாதையைப் பராமரிக்கலாம். ஷ்டௌபாக்கில் கூட்டம் வந்தால் தெரு அடைபடும், அந்தத் தெருவைச் சுத்தம் செய்யும் செலவு ஊராட்சியுடையது. அழகில் எது உயர்ந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஊருக்கு எது பாரம் என்றால் உடனே சொல்லிவிடலாம்.

தண்டவாளம் வந்த வரிசை

1890இல் இன்டர்லாகனிலிருந்து ரயில் லௌட்டர்புருன்னனுக்கு வந்தது. அடுத்த ஆண்டே மியூரனுக்கு வழி பிறந்தது. சுவரின் மேல் க்ரூட்ஷால்ப் வரை, கம்பிவடம் இழுத்து ஏற்றும் விஞ்ச் ரயில், அங்கிருந்து மேடையின் விளிம்போடு மின்சார ரயில். 1893இல் வெங்கன் வழியாக க்ளைன ஷைடெக் கணவாய்க்கு ஏறி, மறுபுறம் க்ரிண்டல்வால்ட் இறங்கும் பற்சக்கர ரயில். மூன்றே ஆண்டுகளில் ஒரு பள்ளத்தாக்குக்கு மூன்று ரயில் பாதைகள். அந்த வேகத்தை இன்று எந்த மலைப்பகுதியிலும் கற்பனை செய்ய முடியாது.

அதற்குப் பிறகு வந்தது எல்லாவற்றையும் விடத் துணிச்சலானது. அடால்ஃப் கையர்-செல்லர் என்ற தொழிலதிபர், ஐகர் மலைக்குள்ளும் மோன்ஷ் மலைக்குள்ளும் சுரங்கம் வெட்டி ரயிலை யுங்ஃப்ரௌவுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார். 1896இல் வேலை தொடங்கியது. 1899இல் அவர் இறந்துபோனார். பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, விபத்துகள் நடந்தன. 1912 ஆகஸ்ட் 1 அன்று, 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ரௌயோக் நிலையம் திறந்தது. இன்றைக்கும் ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போயிருக்கிறார்கள்.

பத்து லட்சம் என்ற எண்ணைக் கேட்டதும் பள்ளத்தாக்கின் நெரிசலுக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டத் தோன்றும். அவ்வளவு அவசரம் வேண்டாம். அந்தப் பயணிகள் ஒவ்வொருவரும் இருக்கை உள்ள ஒரு வண்டியில், நேர அட்டவணைப்படி, விலை கொடுத்துப் போகிறார்கள். 2020 டிசம்பரில் க்ரிண்டல்வால்ட் பக்கத்திலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் திறந்த பிறகு விரைவான வழியும் அந்தப் பக்கம் போய்விட்டது. லௌட்டர்புருன்னன் தெருவில் நிற்கும் கார்களுக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது.

சாலை இல்லாததால் பிழைத்த ஊர்கள்

வெங்கனிலும் மியூரனிலும் வெளியாட்களின் காருக்கு வழியே இல்லை. மியூரனுக்குப் போகிறவர்கள் லௌட்டர்புருன்னனிலிருந்தோ ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்தோ கேபிள் காரில் ஏற வேண்டும். வெங்கனுக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்தை ஒட்டிய பல அடுக்கு பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டுப் பற்சக்கர ரயிலில் போக வேண்டும். பால், மாவு, சிமென்ட், மரச்சாமான், குப்பை எல்லாமே இதே வழியில்தான் ஏறி இறங்குகின்றன. க்ரூட்ஷால்ப் விஞ்ச் ரயிலை 2006இல் கேபிள் காராக மாற்றியபோது, பயணிகள் பெட்டிக்கு அடியில் சரக்கைத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வசதியோடுதான் கட்டினார்கள்.

இது தொடக்கத்தில் சுற்றுச்சூழல் கொள்கையாக வந்ததில்லை. சுவர் செங்குத்தாக இருந்தது, சாலை போட முடியவில்லை, அவ்வளவுதான். ரயில் முந்திக்கொண்டது. கார்கள் பெருகிய காலத்தில் இந்த ஊர்கள் தங்களிடம் இல்லாத ஒன்றின் அருமையைக் கண்டுகொண்டன. அப்புறம் அதுவே விளம்பரமானது.

குளிர்கால விளையாட்டு இந்த மேடைகளில் வேர் பிடித்த விதமும் இதே கதையைத்தான் சொல்கிறது. முதலில் கோடையில் மட்டும் ஓடிய மலை ரயில்கள் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கின. ஆங்கிலேயர்கள் வந்து குவிந்தார்கள். 1922இல் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர் மியூரனில் நடத்திய போட்டிதான், கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் இன்றைய ஸ்லாலம் பனிச்சறுக்கின் தொடக்கம். 1931இல் முதல் ஆல்பைன் பனிச்சறுக்கு உலக சாம்பியன் போட்டி நடந்ததும் மியூரனில்தான். வெங்கனில் 1930இல் தொடங்கிய லௌபர்ஹார்ன் பந்தயம் இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. உலகக் கோப்பையின் மிக நீளமான இறக்கப் பந்தயம் அது, நாலரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்தய வாரத்தில் கார் போகாத ஒரு மலையூருக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து திரும்புகிறார்கள். ரயில்களைக் கூட்டி ஓட்டுகிறார்கள், அவ்வளவு பேரும் ரயில் தாங்கும் அளவிலேயே ஏறுகிறார்கள். நெரிசல் இருக்கிறது. ஆனால் எத்தனை மணிக்கு எவ்வளவு நெரிசல் என்று முன்கூட்டியே தெரியும். ஒரு சின்ன ஊராட்சிக்கு இந்த முன்னறிவு பெரிய வரம்.

மேற்கு மேடைக்கு மேலே ஷில்ட்ஹார்ன், 2,970 மீட்டர். 1967இல் கேபிள் கார் முழுமையாக ஓடத் தொடங்கியது. உச்சியில் சுழலும் உணவகத்தைக் கட்டி முடிக்க, 1969இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தயாரிப்பாளர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். பதிலுக்குப் படப்பிடிப்புக்கு அந்த இடம் கிடைத்தது. உணவகத்துக்குப் படத்தில் வந்த பெயரே நிலைத்துவிட்டது. 2024 டிசம்பரில் ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்து நேராக மியூரனுக்கு ஏறும் புதிய கேபிள் கார் திறந்தது, உலகிலேயே மிகச் செங்குத்தானது என்கிறார்கள். இந்தப் புதிய வழியைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டணக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

தரையில் நடப்பது

இப்போது தெருவுக்கு வருவோம். ஷ்டௌபாக் தெரியும் அந்த ஒற்றைத் தெருதான் கிராமத்தின் கடைத்தெரு, பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவரிடமும் போகும் வழி, தெற்கே ஷ்டெக்கல்பெர்க் போகும் சாலை. அருவிப் படத்துக்காக நடுத்தெருவில் நிற்கிறவரும், டிராக்டரில் புல் ஏற்றிக்கொண்டு போகிறவரும், கேபிள் காருக்கு அவசரமாகப் போகிற குடும்பமும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுகிற வண்டிகள் நெரிசலை இன்னும் கூட்டுகின்றன. பள்ளத்தாக்கின் தரை மிகக் குறுகல், இன்னொரு சாலை போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற தட்டையான நிலம் விவசாயிகளுடைய புல்வெளி.

அந்தப் புல்வெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் அதைப் பூங்கா என்று நினைத்துக்கொள்வதால். அது பயிர். கோடையில் மாடுகள் உயர்மலைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் தரையில் வளரும் புல்லை அறுத்து, காயவைத்து, குளிர்காலத் தீவனமாகச் சேர்க்கிறார்கள். மிதிபட்டுச் சாய்ந்த புல்லைக் கருவியால் சரியாக அறுக்க முடியாது. அதில் விழுந்த பிளாஸ்டிக்கும் தகரமும் தீவனத்தோடு கலந்தால் மாட்டுக்கு ஆபத்து. ஒருவர் படம் எடுக்க வேலி தாண்டினால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரே கோணத்துக்காக ஒவ்வொரு நாளும் எல்லோரும் அதே இடத்தில் தாண்டினால் அங்கே பாதையே உருவாகிவிடும்.

இதே சிக்கலை இதே பள்ளத்தாக்கு ஏற்கெனவே ஒரு முறை சந்தித்திருக்கிறது. பாறைச் சுவரின் உச்சியிலிருந்து குதித்துப் பாராசூட்டில் இறங்கும் பேஸ் ஜம்பிங்குக்கு லௌட்டர்புருன்னன் உலகப் புகழ் பெற்றது. சுவிட்சர்லாந்தில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. செங்குத்துச் சுவரும், அடியில் தட்டையான புல்தரையும், ஏறிப்போகக் கேபிள் காரும் ஒரே இடத்தில் இருப்பதால் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பலர் இங்கே இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுகள் யாரோ ஒருவர் வயலில், வீட்டு ஜன்னலுக்கு நேரே நடப்பவை. ஊராருக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சுற்றுலா எழுத்துகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

குதிப்பவர்கள் இறங்குவது விவசாயிகளின் புல்வெளியில். அதனால் இறங்கும் அட்டை என்று ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் புல் சேதமாகும் விவசாயிகளுக்கு ஈடாகப் போகிறது. ஹெலிகாப்டர்கள் பறக்கும் பள்ளத்தாக்கு என்பதால் குதிப்பதற்கு முன் ஹெலிகாப்டர் தளத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கும் இருக்கிறது. புல் உயர்ந்து நிற்கும் காலத்தில் எந்த வயலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் குதிப்பவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அபாயத்தை இந்த ஏற்பாடு தீர்க்கவில்லை, அதற்காக ஏற்பட்டதும் இல்லை. ஆனால் யாருக்குச் சேதமோ அவர் கைக்கே பணம் போகிறது, எதற்காக வாங்குகிறார்கள் என்பதும் கொடுப்பவருக்குத் தெரிகிறது. பள்ளத்தாக்கில் நடைமுறையில் உள்ள ஏற்பாடுகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

இரவு தங்குபவர் கொடுப்பது

சுவிஸ் சுற்றுலா ஊர்களில் இரவு தங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று விருந்தினர் வரி கட்டுகிறார்கள். ஹோட்டல் பில்லில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பணத்தை விருந்தினர்களுக்குப் பயன்படும் வேலைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், ஊராட்சியின் பொதுச் செலவில் கலந்துவிட முடியாது. நடைபாதை, தகவல் மையம், பனிச்சறுக்கு நடைத்தடம் போன்றவை இதில் நடக்கின்றன.

பகலில் வந்து போகிறவர் இந்த வரியைக் கட்டுவதில்லை. அவருக்கும் கழிப்பறை வேண்டும், குப்பைத்தொட்டி வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். இங்கே குறை சொல்ல யாரும் இல்லை. வரி போடுவதற்கு ஒரு கையெழுத்து, ஒரு வரவேற்பு மேசை, ஒரு அறைச் சாவி தேவைப்பட்ட காலத்தில் இந்த முறை உருவானது. தெருவில் நின்று நிமிர்ந்து பார்ப்பவரிடம் அந்த மேசை இல்லை.

வீடு இன்னொரு நெருக்கடி. விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடுகள் ஒரு ஊராட்சியின் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2012 மார்ச்சில் சுவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். 2016 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. லௌட்டர்புருன்னன் அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டிய ஊராட்சிகளில் ஒன்று, ஆகவே புதிதாக விடுமுறை வீடு கட்டுவது இங்கே மிகக் கடினம். ஆனால் ரயிலிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிறவர்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்க வீடு தேடுவது அதனால் மட்டும் எளிதாகிவிடாது. இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே நீட்டவில்லை.

மற்ற ஊர்களின் அனுபவம்

பிரியன்ஸ் ஏரிக்கரையில் ஈசல்ட்வால்ட் என்ற குட்டிக் கிராமம். கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அங்குள்ள மரப் படகுத் துறை வந்ததும் ஆசியப் பயணிகள் அங்கே குவிந்தார்கள். 2023இல் துறையின் வாசலில் ஒரு சுழல் தடுப்பை வைத்து 5 ஃபிராங்க் வாங்கத் தொடங்கினார்கள். எளிமையாக வேலை முடிந்தது, ஏனென்றால் படகுத் துறைக்கு நுழைவழி ஒன்றே ஒன்று.

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் வேறு மாதிரி. அங்கே ஊரே காட்சி. அவர்கள் ஆளை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்தார்கள். 2020 முதல் சுற்றுலாப் பஸ்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துதான் வர வேண்டும், வந்தால் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்றும் விதி. படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பும் பஸ்ஸால் ஊருக்குப் பயனில்லை என்பது அவர்கள் கணக்கு. அப்படியும் 2023 ஆகஸ்டில் ஊர்மக்கள் கூட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள்.

லௌட்டர்புருன்னனுக்கு ஈசல்ட்வால்ட் வழி உதவாது. 297 மீட்டர் அருவிக்கு முன்னால் சுழல் தடுப்பு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஹால்ஷ்டாட் வழிதான் நெருக்கம்.

கட்டணத்தை எதன்மேல் வைப்பது

ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவருக்கு விலக்கு என்பது நூறு சதவீதம் சரி. 1890 முதல் இந்தப் பள்ளத்தாக்கு பெரும் கூட்டத்தைத் தாங்கியது தண்டவாளத்தின் மேல்தான். ரயிலில் வந்து இறங்குகிறவர் தெருவில் ஒரு ஆள் நிற்கும் இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்.

முன்பதிவு செய்தவருக்கு விலக்கு என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஷில்ட்ஹார்ன் டிக்கெட்டைக் கைபேசியில் வாங்கிவிட்டுக் காரில் வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஷ்டெக்கல்பெர்க் பார்க்கிங்குக்குப் போக வேண்டும், அதற்கு லௌட்டர்புருன்னன் கிராமத்தைக் கடந்து பள்ளத்தாக்கின் தரை நெடுக ஓட்ட வேண்டும். புதிய கேபிள் கார் எவ்வளவு வேகமாக மியூரனுக்கு ஏற்றிவிட்டாலும், அதற்கு முந்தைய தூரம் முழுவதும் அதே ஒற்றைச் சாலைதான். டிக்கெட் விலை கேபிள் கார் நிறுவனத்துக்குப் போகிறது. சாலையும் இரைச்சலும் தரையில் இருப்பவர்களுக்கு மிஞ்சுகின்றன. அவர் செலவு செய்கிறார் என்பது உண்மைதான், அந்தச் செலவு தெருவைக் காலியாக்குவதில்லை. அருவியைப் பார்க்க மட்டும் காரில் வருகிறவரும் இவரும் சாலையைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

ஆகவே விலக்கு வாகனத்தைப் பொறுத்து இருக்க வேண்டும், வாங்கிய பொருளைப் பொறுத்து அல்ல. லௌட்டர்புருன்னன் நிலையத்தில் காரை விட்டுவிட்டு வெங்கன் ரயிலில் ஏறுகிற ஹோட்டல் விருந்தினருக்குக் குறைந்த கட்டணம் வைக்கலாம், அவர் தெற்குச் சாலையைத் தொடுவதில்லை. நிலையத்திலிருந்து ஷ்டெக்கல்பெர்க்குக்கு 141ஆம் எண் பஸ் போகிறது. கிராமத்தைத் தாண்டித் தெற்கே ஓட்டிப்போகிற கார் எதற்காகப் போனாலும் முழுக் கட்டணம் கட்டட்டும். உள்ளூர்க்காரர், விவசாயி, வேலைக்கு வருகிறவர் ஆகியோரின் வண்டி எண்களைப் பதிந்துவைத்துக்கொண்டால் அவர்களுக்குத் தொல்லையில்லை.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. ஐந்து பத்து ஃபிராங்க் என்பது சுவிஸ் விலைவாசியில் பெரிதில்லை. இவ்வளவு தூரம் வந்தவர் அதற்காகத் திரும்பிப் போக மாட்டார், கூட்டமும் குறையாது. குறையாமல் போகலாம். கட்டணம் கூட்டத்தைக் குறைக்காவிட்டாலும் ரயில் பக்கம் கொஞ்சம் பேரைத் திருப்பினால் போதும், ஏனென்றால் பிரச்சினை ஆட்களின் எண்ணிக்கையை விட வண்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இன்டர்லாகனில் காரை விட்டுவிட்டு வருகிற ஒவ்வொரு குடும்பமும் லௌட்டர்புருன்னன் தெருவில் ஒரு காரைக் குறைக்கிறது.

பள்ளத்தாக்கின் தெற்கு முனை இதற்கு நல்ல சான்று. ஷ்டெக்கல்பெர்க்கோடு பஸ்ஸும் காரும் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே ஓபர்ஷ்டைன்பெர்க் மேய்ச்சல் நிலம், ஷ்மாட்ரிபாக் அருவி, ஓபர்ஹார்ன் ஏரி எல்லாம் ஏறி நடந்தால்தான் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோசஃப் ஆன்டன் கோஹ் ஷ்மாட்ரிபாக்கை வரைந்த ஓவியம் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கலை வரலாறு படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த யுங்ஃப்ரௌ-அலெட்ஷ் பகுதியின் ஓரம் அது. அழகில் ஷ்டௌபாக்குக்குச் சற்றும் குறையாதது. அங்கே வேலி தாண்டாதே என்று பலகை வைக்கத் தேவைப்படவில்லை. சில மணி நேரம் ஏறி வருகிறவர்களின் எண்ணிக்கையை மலையே பார்த்துக்கொள்கிறது.

வசூலாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. பார்க்கிங்கைப் பெரிதாக்க அதைச் செலவிட்டால் இன்னும் அதிக கார்கள் வரும், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். பஸ்ஸை அடிக்கடி ஓட்ட ஒரு பங்கும், கழிப்பறைக்கும் குப்பைக்கும் ஒரு பங்கும் கொடுக்கலாம். புல் மிதிபடும் வயல்காரர்களுக்கு, இறங்கும் அட்டையைப் போலவே, நேரடியாக ஒரு பங்கு போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எந்த வயலுக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பேஸ் ஜம்பர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய விவசாயிகள் அங்கேயே இருக்கிறார்கள், கட்டணத் தொகையை முடிவு செய்வதற்கு முன் அவர்களிடம் கேட்டுத் தொடங்கலாம்.